மேட்ச்சா... இன்டர்வியூவா?

ஞாயித்துக்கிழமை காலைல ஆறரை மணி. மாத்தூர் எம்.எம்.டி.ஏ. காலனி இன்னும் முழுசா கண்ணு முழிக்கலை. ஆனா உங்க செட்டு முழிச்சாச்சு. ஒருத்தன் தோள்ல ஸ்டம்ப், ஒருத்தன் பாக்கெட்ல டென்னிஸ் பால், இன்னொருத்தன் பைக் பின்னாடி பேட்டைச் செருகி வெச்சுட்டு ஹாரன் அடிக்கறான். இன்னிக்கு செமி ஃபைனல் பாஸ்! நீங்கதான் ஓப்பனிங் பவுலர்.

ஷூ லேஸ் கட்டற நேரம் பார்த்து அம்மா கிச்சன்ல இருந்து ஒரு யார்க்கர் போடறாங்க. "ஏம்ப்பா, பத்து மணிக்கு மணலியில ஏதோ கம்பெனியில வாக்-இன் இன்டர்வியூன்னு சொன்னியே?"

அவ்ளோதான். கால் ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம்!

மணலி, எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம்னு இந்தப் பக்கம் வளர்ற எந்தப் பையனுக்கும் பொண்ணுக்கும் இந்தக் காட்சி புதுசில்லை. ஃபேக்டரி சைரன் ஒரு பக்கம் கூப்பிடும், கிரவுண்டு விசில் ஒரு பக்கம் கூப்பிடும். 'விளையாட்டு சோறு போடுமா?'ன்னு வீட்டுல கேப்பாங்க. பதில் தெரியாம தலையைச் சொறிவோம்.

இந்தக் கேள்வி உங்களுக்கு மட்டும் வந்ததுன்னு நினைச்சுக்காதீங்க. ரெக்கார்டு புக்ல பேர் இருக்கற பெரிய தலைகளுக்கே வந்திருக்கு. அவங்க ஸ்கோர் நமக்குத் தெரியும். அந்த ஸ்கோருக்கு முன்னாடி அவங்க எடுத்த முடிவு பத்தித்தான் யாரும் பேசறதில்லை. இன்னிக்கு அதைப் பேசுவோம்.

உட்காரவா... ஆடவா?

முதல்ல அமெரிக்காவுக்கு ஒரு ஜம்ப். 1941 செப்டம்பர் 28. அதுவும் ஞாயித்துக்கிழமைதான்! ஊர் ஃபிலடெல்ஃபியா. ஆட்டம் பேஸ்பால். ஹீரோ டெட் வில்லியம்ஸ். பாஸ்டன் ரெட் சாக்ஸ் டீம். வயசு 23.

பேஸ்பால்ல பேட்டிங் கணக்கு ரொம்ப சிம்பிள். பத்து வாய்ப்புல மூணு ஹிட் அடிச்சாலே பெரிய ஆள். அதை .300-ன்னு எழுதுவாங்க. சீஸன் முழுக்க ஆடி .400 தொடறது மகா கஷ்டம். அன்னிக்குக் காலைல வில்லியம்ஸோட சராசரி .39955. ரவுண்டு பண்ணினா .400! சீஸனோட கடைசி நாள் வேற. பேசாம பெஞ்சுல உட்கார்ந்து வேர்க்கடலை கொறிச்சிருந்தாலே சரித்திரத்துல இடம் கன்ஃபார்ம். மேனேஜரும் 'வேணும்னா உட்கார்ந்துக்கோ'ன்னார்.

மாட்டேன்னு மட்டையைத் தூக்கிட்டுப் போனார் வில்லியம்ஸ். ஒரே நாள்ல அடுத்தடுத்து ரெண்டு மேட்ச். ரெண்டுலயும் ஆடினார். எட்டு வாய்ப்பு, ஆறு ஹிட். சராசரி .406! அதுக்கப்புறம் அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் ரெண்டுலயும் முழு சீஸன் ஆடி .400-ஐத் தொட்டவர் ஒருத்தர் கூட இல்லை.

ஒரு விஷயம் மறக்கக் கூடாது. அந்த லீக்குகள்ல அப்போ கறுப்பின வீரர்களுக்கு இடமே கிடையாது. 1947 ஏப்ரல் 15 அன்னிக்கு ஜாக்கி ராபின்சன் களத்துல இறங்கினப்போதான் அந்தக் கதவு திறந்துச்சு. அதுவரைக்கும் தனி லீக்ல ஆடினவங்க கணக்கெல்லாம் 2024-லதான் அதிகாரபூர்வமான ரெக்கார்டுல சேர்ந்துச்சு. 1943-ல ஜோஷ் கிப்ஸன் வெச்ச .466, அப்படி 81 வருஷம் வெளியில நின்ன நம்பர்!

வில்லியம்ஸுக்கு இருந்தது 'ஆடலாமா, பேர் கெட்டுடுமா'ங்கற கேள்வி. ஆனா அவருக்கு ஆட்டம்தான் வேலை. ஆடினா சம்பளம். நம்ம ஊர்ல அதே காலத்துல ஆடினவங்களுக்கு? அவங்களுக்கு வந்தது உங்க கேள்வியேதான்.

ரெண்டு கப்பல், ஒரு டிக்கெட்

எம்.ஜே.கோபாலன். செங்கல்பட்டுப் பக்கம் மொறப்பாக்கத்துல 1909-ல பிறந்து, திருவல்லிக்கேணியில வளர்ந்தவர். வேகப்பந்து வீச்சாளர். மெட்ராஸ் கிரிக்கெட்ல அப்போ பெரிய கை, சி.பி.ஜான்ஸ்டன்ங்கற வெள்ளைக்காரர். பர்மா ஷெல் கம்பெனி அதிகாரி. அவர் கண்ணுல கோபாலன் பட்டார். பர்மா ஷெல்ல வேலையும் கிடைச்சது. அதாவது வாரத்துல ஆபீஸ், லீவுல ஆட்டம்!

1934 ஜனவரியில கல்கத்தாவுல இங்கிலாந்துக்கு எதிரா டெஸ்ட் ஆடினார். அதே வருஷம் நவம்பர் 4, சேப்பாக்கம். ரஞ்சி டிராஃபியோட முதல் மேட்ச், மெட்ராஸ் - மைசூர். அந்தப் போட்டியோட சரித்திரத்துல முதல் பந்தைப் போட்டது நம்ம கோபாலன்தான். அன்னிக்கும் ஞாயித்துக்கிழமை! கூட ஆடின ஏ.ஜி.ராம்சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட்டை அள்ள, மைசூர் 48, 59-ன்னு ரெண்டு இன்னிங்ஸும் சுருண்டு, மேட்ச் ஒரே நாள்ல ஓவர்.

இதோட நிக்கலை. கோபாலன் ஹாக்கியிலயும் கில்லி. 1935-ல தயான்சந்த் தலைமையில நியூசிலாந்து போன இந்திய டீம்ல இவரும் இருந்தார். தயான்சந்த் கூட ஒரே டீம்ல!

அடுத்து வந்தது 1936. ஒரே கோடைக்காலத்துல ரெண்டு வாய்ப்பு. ஒண்ணு, பெர்லின் ஒலிம்பிக்ஸுக்கு ஹாக்கி டீம் தேர்வு. இன்னொண்ணு, இங்கிலாந்துக்கு கிரிக்கெட் டூர். ரெண்டுக்கும் போக முடியாது. ஒரு கப்பல்லதான் ஏறணும்.

நீங்களா இருந்தா எதுல ஏறுவீங்க? டக்குனு சொல்லுங்க...

கோபாலன் கிரிக்கெட் கப்பல்ல ஏறினார்.

நடந்தது என்ன? இங்கிலாந்துல மூணு டெஸ்ட். ஒண்ணுல கூட அவரை ஆட விடலை. விஜயநகரம் மகாராஜ்குமார் கேப்டனா இருந்த அந்த டூர்ல நடந்த உள்குத்து அரசியல் தனிக்கதை. லாலா அமர்நாத்தையே பாதியில ஊருக்கு அனுப்பி வெச்ச டூர் அது. அங்க பெர்லின்ல? ஆகஸ்ட் 15-ம் தேதி ஃபைனல்ல இந்தியா 8, ஜெர்மனி 1. தங்கம்!

கழுத்துல விழுந்திருக்க வேண்டிய மெடல். ச்சே!

'பாவம்ப்பா, தப்பான முடிவு'ன்னு இங்கயே கதையை முடிக்கறவங்கதான் அதிகம். ஆனா கோபாலன் முடிக்கலை. ஊருக்குத் திரும்பினார். ஆபீஸ் போனார். பந்து போட்டார். மெட்ராஸ் டீமுக்கு கேப்டனா இருந்தார். 1951-52 சீஸன் வரைக்கும் முதல் தர கிரிக்கெட் ஆடினார். அப்போ அவருக்கு வயசு 42! டெஸ்ட் கணக்கு 1 மேட்ச், 18 ரன், 1 விக்கெட். அவ்ளோதான். முதல் தர கிரிக்கெட்லயோ 190-க்கு மேல விக்கெட், 2,900-க்கு மேல ரன்.

1952-53 சீஸன்ல மெட்ராஸுக்கும் இலங்கைக்கும் ஒரு போட்டி ஆரம்பிச்சாங்க. பேர் 'கோபாலன் டிராஃபி'. இலங்கைக்கு 1982-லதான் முதல் டெஸ்ட் ஆடக் கிடைச்சது. அதுவரைக்கும் அவங்க பசங்க தங்களை உரசிப் பார்த்துக்கக் கிடைச்ச நல்ல மேடைகள்ல இதுவும் ஒண்ணு. ஒரே ஒரு டெஸ்ட் ஆடினவர் பேர்ல ரெண்டு நாட்டுக்கு நடுவுல ஒரு கோப்பை! 2003 டிசம்பர்ல, 94 வயசுல கோபாலன் காலமானார்.

சம்பளமா... இந்தியாவா?

அடுத்த ஆள் நம்ம ஊர்க்காரர் இல்லை. ஆனா அவரோட ரெண்டு பெரிய நாளும் நடந்தது மெட்ராஸ்லதான். வினு மன்கட். ஜாம்நகர்காரர். அஸ்வின் 2019 ஐ.பி.எல்-ல ஜாஸ் பட்லரை எதிர்முனையில ரன் அவுட் பண்ணினாரே... அப்போ எல்லா டி.வி-யிலயும் அடிபட்ட 'மன்கடிங்' இவர் பேர்ல வந்ததுதான். 1947-ல சிட்னியில பில் பிரவுனை இவர் அப்படி அவுட் பண்ணினார். ஆனா அந்த ஒரு ரன் அவுட்டுக்காக மட்டும் அவரை ஞாபகம் வெச்சுக்கறது ரொம்ப அநியாயம் சாமி!

1952 பிப்ரவரி, சேப்பாக்கம். இந்தியா டெஸ்ட் ஆட ஆரம்பிச்சு கிட்டத்தட்ட 20 வருஷம். 24 டெஸ்ட் முடிஞ்சும் ஒரு ஜெயம் கூட இல்லை. 25-வது டெஸ்ட், எதிர்ல இங்கிலாந்து. முதல் நாளே இங்கிலாந்துல ஆறாம் ஜார்ஜ் மன்னர் இறந்துட்டார்னு சேதி வர, மறுநாளை ஓய்வு நாளா மாத்தினாங்க. மன்கட் சுழல் மட்டும் ஓயலை. முதல் இன்னிங்ஸ்ல 55 ரன்னுக்கு 8 விக்கெட், ரெண்டாவதுல 53 ரன்னுக்கு 4. மொத்தம் 12! பங்கஜ் ராய் 111, பாலி உம்ரிகர் ஆட்டமிழக்காம 130. பிப்ரவரி 10-ம் தேதி இன்னிங்ஸ் மற்றும் 8 ரன் வித்தியாசத்துல இந்தியாவோட முதல் டெஸ்ட் வெற்றி. அந்த டீம்ல நம்ம மெட்ராஸ் பையன் சி.டி.கோபிநாத்தும் உண்டு. நம்புங்க, அதுவும் ஞாயித்துக்கிழமை!

இப்போ ட்விஸ்ட். நாலு மாசத்துல இங்கிலாந்து டூர். மன்கட்டுக்கு லங்காஷயர் லீக்ல ஹாஸ்லிங்டன் கிளப் சம்பளத்துக்குக் கூப்பிடுது. புரொஃபஷனல் வேலை. ஆடினா காசு. அவர் போர்டுகிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. 'டூருக்கு என்னை எடுப்பீங்கன்னு உறுதி கொடுங்க, நான் அதை விட்டுடறேன்.' 12 விக்கெட் எடுத்த கை இன்னும் ஆறலை. போர்டு உறுதி தரலை. மன்கட் கிளப் கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போட்டார்.

'தேசப்பற்று இல்லையா?'ன்னு கேக்கறது சுலபம். சம்பளம் எங்கே இருந்து வரும்னு தெரியாம வீட்டை நடத்திப் பார்த்தவங்களுக்குத்தான் அந்தக் கையெழுத்தோட அர்த்தம் புரியும்.

லீட்ஸ்ல முதல் டெஸ்ட். ரெண்டாவது இன்னிங்ஸ்ல ரன் எதுவும் எடுக்காமலே இந்தியாவுக்கு 4 விக்கெட் காலி! ஸ்கோர்போர்டுல 0-4. பதறிப் போன டீம் கிளப்கிட்ட பேசி மன்கட்டை வாங்கிட்டு வந்துச்சு. லார்ட்ஸ் டெஸ்ட். வந்தவர் என்ன பண்ணினார் தெரியுமா? முதல் இன்னிங்ஸ் 72. பந்து வீச்சுல 73 ஓவர், 5 விக்கெட். திரும்ப பேட் எடுத்து 184. மறுபடி 24 ஓவர். மேட்ச்சை இந்தியா தோத்துடுச்சு. ஆனா இன்னி வரைக்கும் அதை 'மன்கட் டெஸ்ட்'னுதான் சொல்றாங்க.

மெட்ராஸ்ல அவரோட ரெண்டாவது பெரிய நாள் 1956 ஜனவரி. இடம் சேப்பாக்கம் இல்லை. நம்ம பெரியமேடு கார்ப்பரேஷன் ஸ்டேடியம்! இப்போ ஃபுட்பால் பார்க்கப் போறோமே, அந்த நேரு ஸ்டேடியம்தான். மூலக்கடை, வியாசர்பாடி வழியா சென்ட்ரல் போற பஸ் ஏறி இறங்கினா நடக்கற தூரம். 1956-ல இருந்து 1965 வரைக்கும் மெட்ராஸ் டெஸ்ட் எல்லாம் அங்கேதான் நடந்துச்சு. நியூசிலாந்துக்கு எதிரா மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்குச் சேர்த்தது 413 ரன். 2008 வரைக்கும் 52 வருஷம் அது உலக சாதனை! மன்கட் மட்டும் 231. அந்த இந்திய சாதனையை 1983-ல கவாஸ்கர் 236 அடிச்சு உடைச்சார். அதுவும் எங்கே? மெட்ராஸ்ல, சேப்பாக்கத்துல!

முதல் மேட்ச்லயே செஞ்சுரி... அப்புறம்?

மூணாவது ஆள் நம்ம ஊர் சிங்கம், ஏ.ஜி.கிருபால் சிங். ரஞ்சியோட முதல் மேட்ச்ல 11 விக்கெட் எடுத்தார்னு சொன்னேனே, அந்த ராம்சிங்கோட மகன். அப்பா அமிர்தசரஸ்ல பிறந்து மெட்ராஸையே சொந்த ஊராக்கிக்கிட்டவர். இவ்ளோ திறமை இருந்தும் ராம்சிங்குக்கு டெஸ்ட் தொப்பி கடைசி வரைக்கும் கிடைக்கலை. அந்தக் கடனை பசங்க தீர்த்தாங்க. கிருபால், தம்பி மில்கா ரெண்டு பேருமே டெஸ்ட் ஆடினாங்க.

1954-55 சீஸன் கிருபாலோட கில்லி சீஸன். பெங்காலுக்கு எதிரா செமி ஃபைனல்ல 98, 97. ரெண்டு தடவையும் செஞ்சுரி ஜஸ்ட் மிஸ்! இந்தூர்ல ஹோல்கருக்கு எதிரா ஃபைனல்ல 75, 91, கூடவே 7 விக்கெட். பாலு அளகன்னன் தலைமையில மெட்ராஸ் முதல் முறையா ரஞ்சி கோப்பையைத் தூக்குச்சு.

அடுத்த சீஸன் 1955 நவம்பர், ஹைதராபாத். முதல் டெஸ்ட். 22 வயசு. ஆட்டமிழக்காம 100! அதே இன்னிங்ஸ்ல உம்ரிகர் 223 அடிச்சார். டெஸ்ட்ல இந்தியர் ஒருத்தர் அடிச்ச முதல் டபுள் செஞ்சுரி. அந்த வெளிச்சத்துல கிருபால் செஞ்சுரி கொஞ்சம் மங்கித்தான் தெரிஞ்சது.

'இனி இவர்தான்'னு எல்லாரும் நினைச்சாங்க. ஆனா அதுக்கப்புறம் டெஸ்ட்ல இன்னொரு செஞ்சுரி வரவே இல்லை. டீம்ல எடுத்தாங்க, தூக்கினாங்க. திரும்ப எடுத்தாங்க, திரும்பத் தூக்கினாங்க. சரி, பேட்டிங் மட்டும் போதாதுன்னு ஆஃப் ஸ்பின்னும் போட்டார். பல டெஸ்ட் ஆடியும் ஒரு விக்கெட் கூட விழலை. விடலை. போட்டுக்கிட்டே இருந்தார். கடைசியில 1964 வரைக்கும் 14 டெஸ்ட், 422 ரன், 10 விக்கெட். சுமாரான கணக்குதானேன்னு தோணும். கழட்டி விட்டப்புறம் எத்தனை தடவை திரும்பி வந்தார்னு எண்ணிப் பாருங்க... அப்போ தெரியும்.

பாக்ஸ்: பாக்கெட் சைஸ் ஸ்கோர்போர்டு

* சி.ஆர்.ரங்காச்சாரி: போலீஸ் துறையில இருந்த மெட்ராஸ் வேகப்பந்து வீச்சாளர். 4 டெஸ்ட், 9 விக்கெட். 1948 நவம்பர்ல டெல்லியில வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரா ஒரே இன்னிங்ஸ்ல 5 விக்கெட்.

* சி.டி.கோபிநாத்: 1951 டிசம்பர்ல மும்பையில முதல் டெஸ்ட்லயே ஆட்டமிழக்காம 50, அப்புறம் 42. கார்டன் உட்ராஃப் கம்பெனியில வேலை பார்த்துக்கிட்டே ஆடினவர். பின்னாடி தேர்வாளர், டீம் மேனேஜர்.

* மகாதேவன் சதாசிவம்: இலங்கைத் தமிழர். 1947-ல சேப்பாக்கத்துல தென்னிந்திய டீமை 215 ரன் அடிச்சுப் பிரிச்சு மேஞ்சவர். அவர் காலத்துல இலங்கைக்கு டெஸ்ட் கிடையாது.

* ஏ.ஜி.மில்கா சிங்: 18 வயசுல, 1960 ஜனவரியில ஆஸ்திரேலியாவுக்கு எதிரா முதல் டெஸ்ட். இடம், நம்ம கார்ப்பரேஷன் ஸ்டேடியம்!

சரி, நீங்க என்ன பண்ணப் போறீங்க?

மூணு பேரும் ஒரே பதிலைச் சொல்லலை, கவனிச்சீங்களா? கோபாலன் வேலையைக் கையில வெச்சுக்கிட்டு 42 வயசு வரைக்கும் ஆடினார். மன்கட் ஆட்டத்தையே வேலையாக்கினார், திட்டு வாங்கினார், கூப்பிட்டப்போ வந்து நின்னார். கிருபால் ஒவ்வொரு தடவை வெளியே போனப்பவும் திரும்ப வரிசையில வந்து நின்னார். மூணுல எது சரின்னு சொல்ல நான் யாரு? ஆனா ஒண்ணு மட்டும் மூணு பேருக்கும் பொது. முடிவு எடுத்தப்புறம் அழுதுக்கிட்டு உட்காரலை. அடுத்த பந்துக்குப் போயிட்டாங்க.

ஒரு பிராக்டிகல் மேட்டரும் சொல்லிடறேன். டென்னிஸ் பால் டோர்னமென்ட்ல நீங்க வாங்கற கப் ஷோகேஸுக்கு அழகு. ஆனா விளையாட்டு ஒதுக்கீட்டுல சீட்டோ வேலையோ கேக்கப் போனா, அங்கீகாரம் உள்ள சங்கம் நடத்தற போட்டியில ஆடின சர்ட்டிஃபிகேட்டைத்தான் கேப்பாங்க. அதனால செட்டுல நல்லா ஆடற பசங்களை ஸ்டிச் பால் பக்கம் தள்ளுங்க. மாவட்ட லீக், காலேஜ் டீம், யுனிவர்சிட்டி டீம்... எதுல கதவு திறந்திருக்கோ அதுல தட்டுங்க. ஃபுட்பால், பாக்ஸிங், கேரம் எதுவா இருந்தாலும் இதே ரூல்தான். கோபாலனுக்கு ஒரு ஜான்ஸ்டன் வந்தார். உங்களுக்கு வரலைன்னா, அந்த வேலையை உங்க சர்ட்டிஃபிகேட்தான் செய்யணும்.

அப்புறம் இன்னொரு விஷயம். 1934-ல அந்த முதல் பந்தை யார் போட்டதுன்னு நமக்கு எப்படித் தெரியும்? ஒருத்தர் நோட்டுல எழுதி வெச்சதால. உங்க டீம்ல ஸ்கோர் எழுதற ஆளை 'ஆடத் தெரியாதவன்'னு ஓட்டாதீங்க. அவன் எழுதினாத்தான் நீங்க எடுத்த அஞ்சு விக்கெட் நாளைக்கும் அஞ்சு விக்கெட்!

இப்போ திரும்ப மாத்தூர் வாசலுக்கு வருவோம். ஷூ லேஸ் பாதி கட்டினபடி நிக்கறீங்க. பைக் ஹாரன் அடிக்குது. அம்மா தோசைக் கரண்டியோட பார்த்துக்கிட்டு இருக்காங்க. டாஸ் ஏழரைக்கு. இன்டர்வியூ பத்து மணிக்கு. உங்க நாலு ஓவரை முதல்லயே போட்டுடலாம்னு கேப்டன்கிட்ட கேட்டுப் பாருங்களேன். பையில ஒரு வெள்ளைச் சட்டையை மடிச்சு வெச்சுக்கோங்க. ஃபைலை மறந்துடாதீங்க.

கோபாலன் திங்கட்கிழமை ஆபீஸ் போனவர்தான். 190-க்கு மேல விக்கெட் எடுத்தவரும் அவர்தான். கிளம்புங்க பாஸ்!